முஷ்டிக்குள் பாதி டைமர்

அத்தியாயம் 4

பிணத்தின் முஷ்டியைத் திறக்க இரண்டு போலீஸ்காரர்கள் வேண்டியிருந்ததாம். அப்படித் திறந்து எடுத்த சாமானை எங்களுக்கு ஐந்தே நிமிஷம் காட்டச் சம்மதித்த ஸ்டேஷன் கிராணி, அதாவது குமாஸ்தா, அந்த ஐந்து நிமிஷமும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே நவம்பர் மழை. அந்த வாரம் முழுக்கப் பினாங்கில் பகல் பதினோரு மணிக்கே விளக்கு ஏற்ற வேண்டியிருந்தது.

விளக்கடியில் குனிந்திருந்தவர் எங்கள் ஐயா கந்தப்பு. யாழ்ப்பாணத்துக்காரர். எரிந்த கடை தானாக எரிந்ததா, யாராவது எரித்தார்களா என்று ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பதினெட்டு வருஷம் மோப்பம் பிடித்துவிட்டு, இப்போது பினாங் ஸ்திரீட்டில் ஒரு மாடியறையில் சொந்தமாகத் துப்பறிகிறார். நான் முகம்மது கனி. அவருக்குக் காரோட்டி, எடுபிடி, வாயாடி. மூன்றாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அதைத்தான் நான் ஒழுங்காகச் செய்கிறேன் என்று ஐயா சொல்லுவார்.

செத்தவன் ஜபருல்லா. நார்தம் ரோட்டில் காண்டிராக்டர் திருநாவுக்கரசு வீட்டுக் காரோட்டி. வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு, எங்கள் ஆட்கள் எல்லோரும் ஜும்ஆ தொழுகையில் இருந்த நேரம், தஞ்சோங் பூங்கா கடலோர ரோட்டில் மண்டை உடைந்து கிடந்தான். கொட்டுகிற மழையில் பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை.

மறுநாளே போலீஸ் இப்ராஹிமைப் பிடித்துக்கொண்டு போனது. இப்ராஹிம் வாடகைக்கு ஃபோர்டு ஓட்டுகிறவர். முந்தின வாரம் ஜபருல்லாவோடு கைகலப்பு நடந்ததை நாலு பேர் பார்த்திருந்தார்கள். ஜபருல்லாவின் முஷ்டியில் இருந்தது உடைந்த டைமர். பள்ளிவாசலுக்குப் பின்னால் கொட்டகையில் நின்ற இப்ராஹிமின் ஃபோர்டில் டைமரைக் காணவில்லை. அது ஒரு மாசத்துக்கு முன்பே கெட்டுப்போனது, தூக்கியெறிந்துவிட்டேன் என்றார் இப்ராஹிம். போலீஸ் சொன்ன கதை வேறு. ஜபருல்லா ஃபோர்டை மறித்து எஞ்சினில் கைவைத்து டைமரைப் பிடுங்கினான், இப்ராஹிம் ஹேண்டில் கம்பியால் அடித்தார், வேறொரு டைமரை மாட்டி வண்டியைக் கொண்டுவந்து விட்டு, அதையும் கழற்றி ஒளித்தார். நாளைக் காலை பத்து மணிக்கு மாஜிஸ்திரேட்டு முன்னால் கொலைக் குற்றச்சாட்டு. அது நிலைத்தால் கயிறுதான்.

எனக்கு அது வெறும் கேஸ் இல்லை. இப்ராஹிம் என் மச்சான். என் லாத்தாவின், அதாவது என் அக்காளின், புருஷன்; சித்தி ஹாஜரா என்பது அவள் பெயர். என் அக்காள் அழுது நான் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஐயாவின் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

டைமர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சினில் எந்தச் சிலிண்டருக்கு எப்போது தீப்பொறி போகவேண்டும் என்று முறை வைக்கிற சாமான் அது. வட்டமான மூடியின் உள்பக்கம் சுற்றிலும் பித்தளைக் குமிழ்கள் பதித்திருக்கும். நடுவில் ஒரு கை சுழன்று ஒவ்வொரு குமிழாகத் தொடும். ஒரு சிலிண்டருக்கு ஒரு குமிழ். அந்த மூடி இல்லையென்றால் எவ்வளவு பெரிய காரும் மாடு இல்லாத வண்டிதான்.

மேசைமேல் இருந்தது பாதி மூடி. கறுப்பு. அதில் மூன்று குமிழ்கள். போலீஸ் மெக்கானிக் குமிழில் இருந்த முத்திரையைப் பார்த்து, இது ஃபோர்டு, நாலாவது குமிழ் உடைந்து விழுந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்திருந்தான்.

ஐயா ஒரு தாளை எடுத்து அந்தப் பாதியை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தார். குமிழ்கள் இருந்த இடத்தில் மூன்று புள்ளி. பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்பி, அதே பாதியை எதிர்ப்பக்கம் பொருத்தி மறுபடி வரைந்தார். முழு வட்டம் வந்தது. அதில் ஆறு புள்ளி, ஒரே இடைவெளியில்.

"ஃபோர்டு மூடியைப் பாதியா உடைச்சால் ரெண்டு குமிழ்தான் வரும், கனி. இதில மூண்டு. இது ஆறு சிலிண்டர்க் கார்."

என் மச்சான் கழுத்திலிருந்து கயிறு இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். இத்தனை வருஷமாகப் போலீஸுக்குப் பாதிக் கண்தான் என்று சொல்லிவந்தேன், அது பாதி மூடியைப் பார்க்கக்கூடப் போதவில்லை என்று கிராணியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஐயாவும் சிரிக்கவில்லை. அவர் இன்னும் குமிழ்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றில் இரண்டில்தான் ஃபோர்டு முத்திரை. மூன்றாவது வழுவழுப்பாக இருந்தது. உடைந்த விளிம்பில் நகத்தால் கீறினார். கறுப்புச் சாயம் உரிந்து மர ரேகை தெரிந்தது.

கம்பெனி மூடி ஈபனைட் என்கிற கெட்டி ரப்பரில் இருக்கும், உடைந்தால் சோப்புக் கட்டி மாதிரி வழுவழுப்பாக உடையும், இது யாரோ உள்ளூரில் கடைந்த மரம் என்றார். கடைந்தவனைப் பிறகு பார்க்கலாம், முதலில் காரைப் பார்க்கவேண்டும் என்று குடையை எடுத்தார்.

எந்தக் கார் என்று என்னிடம் கேட்கவேண்டியதே இல்லை. பினாங்குத் தீவில் ஆறு சிலிண்டர் கார்கள் உண்டு. ஆனால் அவை புதுசு, அவற்றுக்குத் தீப்பொறி வேறு வழியில் வருகிறது. இந்த மாதிரி டைமரில் ஓடுகிற ஆறு சிலிண்டர் ஒன்றே ஒன்றுதான். 1912இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. செய்த கம்பெனியே இழுத்து மூடியாகிவிட்டது. அது திருநாவுக்கரசு வீட்டுக் கார். செத்தவன் ஓட்டிய அதே கார்.

நார்தம் ரோட்டு வீட்டில் திருநாவுக்கரசு எங்களை வாதம் பிடித்த காலை முக்காலியில் தூக்கி வைத்தபடி வரவேற்றார். எழுபது வயசு. வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை, பானட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை என்றார். வெள்ளிக்கிழமை பகலில் எப்போதும்போல் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிவரை தூங்கினாராம். கார் கொட்டகைச் சாவி சமையலறை ஆணியில் தொங்கும், பகலில் அந்தக் கதவு திறந்தே கிடக்கும். அதற்குப் பொறுப்பு தோட்டக்காரர் கமாலுதீன்.

கமாலுதீன் கொட்டகையைத் திறந்தார். ஐம்பது வயசு மனிதர். உள்ளே அந்தக் கார் பித்தளை விளக்குகளோடு இருட்டில் நின்றது. மழைச் சத்தத்தில் கொட்டகை அதிர்ந்தது. எனக்கு ஏனோ உள்ளே போகப் பிடிக்கவில்லை. கார்களைக் கண்டு நான் ஒருநாளும் பயந்ததில்லை, அன்றைக்குப் பயந்தேன்.

பானட்டைத் தூக்கினேன். மூடி உடைந்த இடம் காலியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். டைமர் மூடி முழுசாக உட்கார்ந்திருந்தது. ஈபனைட். ஆறு குமிழ், ஆறும் ஒரே அச்சு.

சனிக்கிழமை ஜபருல்லாவின் மையத்து அடக்கத்துக்குப் போகக் காரை யார் கிளப்பியது என்று ஐயா கேட்டார். தான்தான் என்றார் கமாலுதீன். கொஞ்சம் ஓட்டத் தெரியுமாம். ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டதாம். அதைப் பெருமையாகச் சொன்னார், பாவம்.

ஐயா என் பக்கம் திரும்பினார். "கனி, நீங்கள் எல்லாரும் காரை நிப்பாட்டிப்போட்டுத் தொழப் போகேக்க என்ன செய்வீங்கள்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் எல்லோரும் செய்கிற காரியம், மூச்சுவிடுகிற மாதிரி செய்வதால் நினைவில் நிற்காத காரியம். முதலாளி வீட்டுப் பிள்ளைகள் காரைக் கிளப்பி எங்காவது மோதிவிடக்கூடாது என்று, காரோட்டி இறங்கும்போது எஞ்சினில் ஒரு சின்னச் சாமானைக் கழற்றி இடுப்புப் பச்சை பெல்ட்டின் பையில் போட்டுப் பட்டனை மாட்டிக்கொள்வான். இந்தப் பழைய காரில் ஒரு கிளிப்பைத் தட்டினால் மூடி கையோடு வந்துவிடும். ஜபருல்லா அதை வைத்துக்கொண்டு காபிக்கடையில் பீற்றுவான். என் கார் என் இடுப்பில் இருக்கிறது என்பான்.

வெள்ளிக்கிழமை பகல் மூடி அவன் பெல்ட்டில் இருந்திருக்க வேண்டும். போலீஸ் பட்டியலில் பெல்ட் பை திறந்து கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தது. ஆனால் மூடி இங்கே எஞ்சினில் இருக்கிறது.

ஐயா பின் சீட்டுக்கடியில் விரிப்பைத் தூக்கினார். மரப்பலகையில் பிசுபிசுப்பாக ஒரு பழுப்புக் கறை. முகர்ந்து பார்க்கச் சொன்னார். தித்திப்பான, குமட்டுகிற வாசனை. சண்டு. கள்ள அபின்.

அவர் மெதுவாகச் சொன்னதை நான் இங்கே என் வார்த்தையில் சொல்கிறேன். பத்து ஃபெரிங்கி என்கிற கடலோரக் கிராமத்தில் படகில் சண்டு இறங்குகிறது. ரோட்டில் ரெவின்யூ ஆட்கள் வாடகைக் கார்களை நிறுத்திச் சோதிப்பார்கள். நார்தம் ரோட்டுப் பெரிய வீட்டுக் காரை நிறுத்த அவர்களுக்குத் தைரியம் வராது. அந்தக் காரைக் கிளப்பத்தான் ஒருவன் மர மூடி செய்து வைத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை தோறும் முதலாளி தூங்குகிற, காரோட்டி தொழுகிற இரண்டு மணி நேரத்தில் காரை எடுத்துப் போய்க் கொண்டுவந்து விட்டான். போன வெள்ளிக்கிழமை ஜபருல்லா ஊர்ப் பள்ளிக்குப் போகவில்லை. தஞ்சோங் பூங்காவில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தான். அவன் பெண்சாதி ரொஸ்னா போலீஸில் அதைச் சொல்லியிருக்கிறாள். அங்கே மழைக்குள் ரோட்டோரம் நின்றவனுக்கு எதிரே அவனுடைய கார் வந்தது. அதை ஓடவைக்கும் சாமான் அவன் இடுப்பில் இருக்க, கார் தானாக உயிர் பெற்ற மாதிரி வந்தது.

அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் ஓடியிருப்பேன். ஜபருல்லா ஓடவில்லை. மறித்துப் பானட்டைத் திறந்து மூடியைப் பிடுங்கினான். இழுபறியில் மர மூடி உடைந்தது. ஒரு பாதி அவன் முஷ்டியில், மறுபாதி கடலில். அடித்துப் போட்டவனுக்கு இப்போது கார் கிளம்பவேண்டும், மூடி இல்லை. அவன் ஒரு நிமிஷமும் வீணாக்காமல் நேராகப் பிணத்தின் பெல்ட்டைத் திறந்து அசல் மூடியை எடுத்து மாட்டினான்.

"அந்தப் பெல்ட்டுக்குள்ள அது இருக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டார் ஐயா.

"முதலாளிமாருக்குத் தெரியாது லா. காரோட்டிதான் ஐயா, வேற யாரு" என்றேன். சொல்லிவிட்டுக் கமாலுதீனைப் பார்த்தேன். கொஞ்சம் ஓட்டத் தெரிந்தவர். சாவி வைத்திருப்பவர். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. திருநாவுக்கரசும் வாசலில் தடியை ஊன்றி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆளைப் பிடித்தாகிவிட்டது, மச்சான் நாளைக்கு வீட்டில் சாப்பிடுவார் என்று எனக்கு ஒரே குஷி. ஐயா மட்டும் போகும் வழியெல்லாம் தாளில் வரைந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பீச் ஸ்திரீட் பின்சந்தில் ஆ லெங் என்கிற சீனக் கிழவரின் கடைசல் பட்டறை இருந்தது. செங்கை மரத்தை எண்ணெயில் காய்ச்சிக் கல் மாதிரி இறுக்கிக் கடைகிற கை பினாங்கில் அவருடையது ஒன்றுதான். ஐயா தாளில் வரைந்த வட்டத்தைக் காட்டியதும் கிழவர் கடைசலை நிறுத்தினார். அவருடைய சந்தைத் தமிழையும் எங்கள் உடைந்த மலாயையும் கலந்து விஷயம் வெளியே வர அரைமணி ஆயிற்று.

சீனர்களின் ஒன்பது சாமி பண்டிகை முடிந்த வாரம் ஒரு காரோட்டி வந்தானாம். சவுக்காரக் கட்டியில் ஒரு மூடியை அமுக்கி எடுத்த அச்சைக் கொண்டுவந்து, இதேபோல் மரத்தில் வேண்டும் என்றானாம். குமிழுக்கு நல்ல பித்தளை வேண்டும், என்னிடம் இல்லை என்று ஆ லெங் சொல்ல, அவன் ஒரு ஃபோர்டு டைமரைக் கையில் கொடுத்து, இதில் இருக்கும் நாலையும் பிடுங்கிக்கொள் என்றானாம். மீதி இரண்டைக் கிழவர் பழைய தண்ணீர்க் குழாயில் வெட்டிச் செய்தார். போலீஸ் மெக்கானிக் பார்த்த முத்திரை அந்த ஃபோர்டு குமிழில் இருந்த முத்திரைதான். ஆள் யார் என்று கேட்டதற்கு, மழைக்குத் தொப்பியை இழுத்துவிட்ட காரோட்டி எல்லோரும் தனக்கு ஒன்றுதான் என்று கைவிரித்தார்.

நான் கமாலுதீனின் அடையாளம் சொல்ல வாயெடுத்தேன். ஐயா என் தோளைத் தொட்டு நிறுத்தி, குமிழ் பிடுங்கிய அந்தப் பழைய ஃபோர்டு கூடு இருக்கிறதா என்று கேட்டார். எதையும் எறியாத கிழவர் மேசைக்கடியில் துழாவி எடுத்து, சாம்பலைத் தட்டி, என் கையில் கொடுத்தார்.

பட்டறைகளில் சாமான் மாறிப்போகும் என்பதால் வாடகைக் காரோட்டிகள் தங்கள் டைமரில் வண்டி நம்பரைக் கீறி வைப்பார்கள். இதிலும் கீறியிருந்தது. ஆணி முனையால், 2இன் வாலைத் தேவையில்லாமல் நீட்டி, 142 என்று. போன ரமலானில் என் மச்சானுக்கு எண் எழுத வராதே என்று அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அதைக் கீறியவன் நான்.

ஐயா என்னைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷனிலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். ஃபோர்டு முத்திரை எங்கிருந்து வந்தது என்று அவர் யோசித்த அந்த நேரத்தில் நான் ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாசமாகக் கார் ஓட்டாதவர் வீட்டில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆட்டுக்கறி எப்படி வந்தது என்று கேட்காமல் நானும் போய்ச் சாப்பிட்டேன். ருசியாக இருக்கிறது என்று இரண்டாவது தடவை வாங்கியும் சாப்பிட்டேன்.

"ஐயா" என்றேன். அதற்குமேல் வரவில்லை. வாயாடிக்கு வார்த்தை வராத முதல் தடவை அதுதான்.

"நாளைக்கு எந்தக் கார் எண்டதை நான் சொல்லுவன்" என்றார் ஐயா. "உடன இப்ராஹிமை விட்டுடுவினம். அடுத்ததா ஆரைப் பிடிப்பினம் எண்டு உமக்குத் தெரியும்."

"கமாலுதீன."

"ஓம். அந்த மனிசனுக்குத் தெரிஞ்சதெல்லாம் பூச்செடிதான்." குடையை விரித்துச் சந்தில் இறங்கினார். "மிச்சத்தை நீர் சொன்னால் நல்லது, கனி. நீர் சொல்லாட்டி நான் சொல்லத்தான் வேணும். ஆனால் பிறகு உம்மட முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாது."

நாங்கள் பினாங் ஸ்திரீட்டுக்குத் திரும்பியபோது லாத்தா கீழ்ப்படியில் நின்றிருந்தாள். கையில் லாக்கப்புக்குக் கொண்டுபோகும் சோற்றுக் கூடை. முக்காடு நனைந்து தலையோடு ஒட்டியிருந்தது. ஐயா அவளுக்கு ஒரு தலையசைப்பைக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். எனக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அதனால் நல்ல பக்கத்திலிருந்து தொடங்கினேன். அது ஃபோர்டு இல்லை, பெரிய வீட்டுக் கார், ஐயா நிரூபித்துவிட்டார் என்றேன்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்பாள், அழுவாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஐயா நாளைக்கு எவ்வளவு சொல்லுவாரு, தம்பி?"

எவ்வளவு. ஞாயிற்றுக்கிழமை இதே படியில் அவள் அழுததும், ஃபோர்டு இல்லை என்று கண்டுபிடிக்கிற மூளை ஐயாவுக்கு மட்டும்தான் உண்டு என்று என்னைப் பிடித்து உலுக்கியதும் நினைவுக்கு வந்தன. என் லாத்தாவுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்தே தெரிந்திருந்தது. பாதி உண்மையைத் தோண்டி எடுக்கத்தான் அவள் எங்களைக் கூப்பிட்டிருக்கிறாள், அதற்கு என்னைக் கருவியாக வைத்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அவள்மேல் இரக்கம் வந்தது, அதுதான் தாங்க முடியவில்லை.

"தெரிஞ்சே வந்தியா லாத்தா?"

"மூணு புள்ளைங்க இருக்கு" என்றாள். "செத்தவன் திரும்பி வரப்போறதில்ல. அந்தத் தோட்டக்காரருக்குக் குடும்பம் கிடையாதுன்னு அவரு சொன்னாரு."

கமாலுதீனைப் பற்றி நான் அவளிடம் சொல்லவே இல்லை. அவர்தான் அடுத்தது என்பதுவரை புருஷனும் பெண்சாதியும் லாக்கப்புக் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசி முடித்திருக்கிறார்கள்.

"ஐயா பாதி சொல்லுவாரு" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "மீதிய நான் சொல்லுவேன், லாத்தா."

அவள் திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. கூடையை இடுப்பில் சரியாக வைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கி ஸ்டேஷன் பக்கமாக நடந்தாள். சோறு ஆறிவிடும் என்கிற அவசரத்தில் நடப்பவள் மாதிரி நடந்தாள். குடையை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். பத்தடி போனதும், திரும்பாமலே சொன்னாள்.

"என் பின்னால வராத, தம்பி."